பாபநாசம் மலைக்கு ஒரு நாள்: ஐந்து இடம் வேண்டாம், ஒரே ஆற்றைப் பிடித்து மேலே போங்கள்

கேட்டவர் சென்னைக்காரர். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு வருகிறார். மொத்தம் எட்டு பேர். அப்பாவும் அம்மாவும் எழுபதை நெருங்குகிறவர்கள். பிள்ளைகளுக்குப் பத்து வயதும் பதின்மூன்று வயதும். மலைக்கென்று ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். வேன்காரர் ஒருவர் பாபநாசம், காரையாறு, மணிமுத்தாறு, மாஞ்சோலை, குற்றாலம் ஐந்தையும் அந்த ஒரே நாளில் காட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இது நடக்குமா, வழிகாட்டி தேவையா, பிள்ளைகளுக்கு மலையேற்றம் மாதிரி ஏதாவது உண்டா என்பது அவர் கேள்வி.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். இந்த மலையடிவாரத்திலேயே வளர்ந்தவன். வேன்காரர் சொன்னபடி சுற்றினால் ஐந்து இடத்தின் போர்டையும் பார்ப்பீர்கள், மலையைப் பார்க்க மாட்டீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுபது வயதுக்காரர்களை வைத்துக்கொண்டு அப்படி ஓடுவது அவர்களுக்குத் தண்டனை.

காரணம் நில அமைப்பில் இருக்கிறது. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, காரையாறு அணை வழியாகப் பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்குகிறது. மணிமுத்தாறு அதற்குத் தெற்கே தனிப் பள்ளத்தாக்கில் வந்து, கீழே சமவெளியில்தான் தாமிரபரணியோடு சேர்கிறது. மாஞ்சோலை அந்த மணிமுத்தாற்றுக்கு மேலே இருக்கிறது. குற்றாலமோ சிற்றாற்றின் ஊர், தென்காசிப் பக்கம். இவற்றை மலைக்குள்ளேயே இணைக்கும் பாதை உங்களுக்குக் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் மலையேறி, திரும்பக் கீழே இறங்கி, அடுத்த மலையடிவாரத்துக்கு ஓடி, மறுபடி ஏற வேண்டும். அதிலும் மணிமுத்தாறு அருவிக்கு மேலே மாஞ்சோலை போகிற பாதை குறுகலானது, கரடுமுரடானது, வண்டி ஊர்ந்துதான் ஏறும். நாளில் பாதி அந்தப் பாதைக்கே போய்விடும்.

அதனால் நான் சொல்வது ஒரே ஒரு ஆறு. பாபநாசம் கோயில் படித்துறையில் தொடங்கி, காரையாறு வரை தாமிரபரணியை விடாமல் மேலே போய், அதே வழியில் இறங்கி வாருங்கள். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் சேரும் வற்றாத ஆறு இது ஒன்றுதான். பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை சுமார் 128 கிலோமீட்டர். அந்த ஆற்றின் முதல் சில கிலோமீட்டர்களைக் காட்டோடும் கோயிலோடும் அணையோடும் சேர்த்து ஒரு நாளில் நிதானமாகப் பார்க்கலாம். பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே நாளில் ஒத்துவரும் வழி இந்தப் பக்கத்தில் இதுதான்.

திருநெல்வேலியிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். அம்பாசமுத்திரத்தில் ஒரு காபி குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் பாபநாசம் போய்ச் சேரலாம். முதலில் பாபநாசநாதர் கோயில். தாமிரபரணிக் கரையில் நவகைலாயம் என்று சொல்லப்படும் ஒன்பது சிவத்தலங்களில் முதலாவது இது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். உலகம்மை சன்னதிக்கு முன்னால் ஒரு உரல் இருக்கும். பெண்கள் விரலி மஞ்சளைப் போட்டு இடித்து அம்பாள் அபிஷேகத்துக்குக் கொடுப்பார்கள். உங்கள் அம்மாவை அங்கே பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள். உலக்கையை அவர்கள் கையில் வாங்கினதும் பக்கத்தில் நிற்கிற பெண்களோடு பேச்சு தானாகத் தொடங்கிவிடும். உலக்கை விழ விழ மஞ்சள் வாசம் பிராகாரம் வரைக்கும் வரும்.

கோயிலுக்கு எதிரே படித்துறை. பொரி வாங்கிப் போட்டால் மீன்கள் கூட்டமாக மேலே வரும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதே படித்துறையில் மனசு நோகிற ஒன்றையும் பார்ப்பீர்கள். பரிகாரம் என்று சொல்லி உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்தச் சேலையும் வேட்டியும் பாறை இடுக்கில் சிக்கி, மீன் மாட்டி, குளிக்கிறவர் கால் மாட்டி, தன்னார்வலர்கள் இறங்கி டன் கணக்கில் அள்ளுகிறார்கள். யாராவது உங்களிடம் துணியை விடச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் இந்தப் படித்துறையைத் தொட்டுத்தான் போகிறது.

அடுத்து வனத்துறை சோதனைச் சாவடி. இதற்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்களாகி, 1988-ல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆயின. சாவடியில் நுழைவுக் கட்டணம் உண்டு, வண்டியைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் பை, மது, சோப்பு, ஷாம்பு எதுவும் வேண்டாம். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்து வாருங்கள். மாலைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது கண்டிப்பு. நடுக்காட்டில் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது, குரங்குக்குத் தின்பண்டம் போடக் கூடாது. இதெல்லாம் சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. ரோட்டோரம் தின்று பழகிய நாட்டுக் குரங்கு வண்டியில் அடிபட்டுச் சாகிறது. அடிபடாதது அடுத்து வருகிற குழந்தையின் கையில் இருப்பதைப் பிடுங்குகிறது.

வழிகாட்டி தேவையா என்று கேட்டீர்கள். தேவை. ஆனால் யார் என்பதுதான் முக்கியம். பேருந்து நிலையத்தில் வந்து, "யாருக்கும் தெரியாத அருவி ஒண்ணு இருக்கு, கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்கிறவரோடு போகவே கூடாது. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைவது குற்றம், ஆபத்தும்கூட. வனத்துறை மூலமாகப் போங்கள். வேட்டைத் தடுப்புக் காவலராக வேலை பார்க்கிறவர்களிலும், காணிக்காரர் இளைஞர்களிலும் இந்தக் காட்டை உள்ளங்கைபோலத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காணி மக்கள் இந்த மலையின் பழங்குடிகள்; மயிலாறு, சேர்வலாறு பக்கமெல்லாம் அவர்கள் குடியிருப்புகள் உண்டு. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் காரையாறு–மூலக்கசம் பாதையும் ஒன்று. ஆன்லைனில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். உங்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மலையேற்ற ஆசை இருந்தால் வயது விதியைப் பார்த்துவிட்டு அதில் பதிவு செய்யுங்கள். பெரியவர்களை அதில் இழுக்க வேண்டாம். அவர்கள் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இருக்கட்டும், பெரியவர் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போகலாம்.

நல்ல வழிகாட்டி உங்களை வேகமாகக் கூட்டிப் போக மாட்டார். நிற்க வைப்பார். ஆற்றோர மரத்தின் உச்சியில் சுள்ளிக் குவியல்போல இருப்பதைக் காட்டி மலை அணில் கூடு என்பார். கருமந்தி என்கிற கருங்குரங்கு திடீரென்று கத்தினால் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்துவார். கீழே சிறுத்தையோ வேறு எதுவோ நடமாடுகிறது என்று அந்தக் கத்தல் அவருக்குச் சொல்லும். மிளா என்கிற பெரிய மான் போன தடம், கரடி மரத்தில் ஏறிய நகக் கீறல், யானை ஒடித்துப் போட்ட ஈத்தை மூங்கில் கிளை எல்லாம் அவர் காட்டிய பிறகுதான் நம் கண்ணில் படும். புலி காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது அடர்ந்த காடு. மிளா, புள்ளிமான், கருமந்தி, இருவாச்சி, இவற்றில் எது கிடைத்தாலும் அது நல்ல நாள்தான்.

உயிரைக் காப்பதும் அவர்தான். ஒரு முறை ஆற்றுப் பாறையில் ஒரு குடும்பம் பிள்ளைகளை விளையாட விட்டிருந்தது. தலைக்கு மேலே வானம் தெளிவாக இருந்தது. கூட வந்த காவலர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து, "அண்ணாச்சி, பிள்ளைகளைக் கரைக்கு ஏத்துங்க, தண்ணி நிறம் மாறுது" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் பாறை ஓரத்தில் காய்ந்த இலையும் சுள்ளியும் நுரையோடு மிதந்து வரத் தொடங்கியிருந்தது. எல்லாரும் மேலே ஏறிச் சிறிது நேரத்தில், பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாறை செந்தண்ணீரில் மூழ்கிப்போனது. மேலே பொதிகையில் பெய்கிற மழை கீழே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர்தான் சொல்லும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படித் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. தண்ணீர் கலங்கினாலோ, குப்பை மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ காரணம் கேட்டு நிற்காமல் கரையேறுங்கள். இதைப் பிள்ளைகளுக்கு வேனிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

சாவடியைத் தாண்டினதும் அகஸ்தியர் அருவிக்குத் திரும்பாமல் நேரே மேலே போங்கள். அருவியை இறங்கும்போது வைத்துக்கொள்ளலாம். காலை வேளைதான் முண்டந்துறைப் பக்கம் மான்களும் பறவைகளும் நடமாடுகிற நேரம். கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

அடுத்தது சொரிமுத்து அய்யனார் கோயில். இந்த நாளில் எனக்குப் பிடித்த இடமும் இதுதான், நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுதான். நடுக்காட்டில், காரையாற்றின் கரையில், பெரிய பெரிய மரங்களுக்குக் கீழே அய்யனார் பூரணை புஷ்கலையோடு இருக்கிறார். சுற்றிலும் சங்கிலி பூதத்தார், பேச்சியம்மன், பிரம்மராட்சசி, தளவாய் மாடன், பட்டவராயன் என்று நெல்லைச் சீமைத் தெய்வங்கள் எல்லாம் குடியிருக்கின்றன. எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு இதுதான் குலதெய்வம். ஊரைவிட்டு எங்கே போனாலும் பிள்ளைக்கு முடி எடுக்க இங்கேதான் வருவார்கள்.

பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். முத்துப்பட்டன் என்ற பிராமணன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்து அக்கா தங்கையைக் காதலித்தான். அவர்கள் தகப்பன் கேட்டபடி பூணூலையும் குடுமியையும் விட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு அவர்களைக் கட்டினான். மாமனாரின் மாட்டைக் களவாட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். அவன்தான் பட்டவராயன். தெற்குச் சீமையில் வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுகிற கதை இது. காணிக்கையாக வைத்த செருப்பு தேய்ந்துபோயிருக்கும், ராத்திரி அவர் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்பது இங்குள்ள நம்பிக்கை. சாதியை மீறிக் கல்யாணம் செய்தவனைத் தெய்வமாக்கி, அவன் தைத்த செருப்பையே எல்லாச் சாதியாரும் காணிக்கையாக்கும் இடம் இது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் இப்படிக் கிடைக்காது.

அதே வளாகத்தில் மணிவிழுங்கி மரம் இருக்கிறது. இலுப்பை மரம். வேண்டுதல் நிறைவேறியவர்கள் அதில் மணியை ஆணியடித்து மாட்டுவார்கள். மரம் வளர வளரப் பட்டை மணியைச் சுற்றி மூடிக்கொண்டே வந்து கடைசியில் உள்ளே இழுத்துக்கொள்ளும். கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு மணி முழுசாக வெளியே தொங்கும், ஒன்று பாதி புதைந்திருக்கும், இன்னொன்றில் விளிம்பு மட்டும் பட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். காயம் பட்ட இடத்தை மரம் தானே மூடிக்கொள்ளும் விதம் அது. பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி இதைச் சொல்ல இந்த மரத்தைவிட நல்ல இடம் இல்லை.

இங்கே ஆடி அமாவாசை பெரிய திருவிழா. முன்பெல்லாம் நாள்கணக்கில் குடில் போட்டுத் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். இப்போது காட்டின் நலனுக்காகக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. அந்த நாள்களில் சுற்றிப் பார்க்க என்று யாரும் வர வேண்டாம். அது கும்பிட வருகிறவர்களுக்கான நேரம்.

காரையாறு அணைக்குப் பக்கம் அதிக நேரம் தேவையில்லை. 143 அடி அணை. ஊரில் எல்லாரும் நாளிதழில் தினமும் நீர்மட்டம் பார்க்கிற அணை. மலைகளுக்கு நடுவே தண்ணீர் விரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அணைக்கு அப்பால் இருக்கிற பாணதீர்த்தம் அருவிக்கு முன்பு படகு விட்டார்கள்; இப்போது நினைத்தபடி போக முடியாது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். வழியில் காணிக்காரர்கள் மிளகோ தேனோ மரச்சீனிக் கிழங்கோ விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று போட்டோ எடுக்காதீர்கள்.

பதினொன்றரை, பன்னிரண்டு வாக்கில் இறங்கி அகஸ்தியர் அருவி. பெரும்பாலும் வருஷம் முழுக்கத் தண்ணீர் விழும். கம்பித் தடுப்பு போட்டிருப்பதால் பெரியவர்களும் பிடித்துக்கொண்டு நின்று குளிக்கலாம். பாறை வழுக்கும், உங்கள் அப்பாவுக்கு ஒரு கை எப்போதும் வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வராதீர்கள். அனுமதி இருக்கிற நாளில் அருவிக்கு மேலே படியேறினால் கல்யாண தீர்த்தம். அகத்தியருக்குச் சிவனும் பார்வதியும் திருமணக் கோலத்தில் காட்சி கொடுத்த இடம் என்பது ஐதீகம். பிள்ளைகளுக்கு மலையேற்றம் பதிவு கிடைக்காவிட்டால் இந்தப் படியேற்றமே போதும். மேலேயிருந்து பார்த்தால் ஆறு சமவெளிக்குள் நுழையும் இடமும், கீழே பாபநாசம் நீர்மின் நிலையமும் தெரியும். 1944-லிருந்து இந்த ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள்.

குளித்தால் பசி கொல்லும். இரண்டு மணிக்குள் விக்கிரமசிங்கபுரத்திலோ அம்பாசமுத்திரத்திலோ இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு இன்னொரு அருவிக்கு ஓட வேண்டாம். வயல் வழியாகத் திரும்புங்கள். தாமிரபரணியில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் முதலாவதான கோடைமேலழகியான் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. காலையில் மலையில் பார்த்த அதே தண்ணீர் இங்கே கால்வாயாகப் பிரிந்து வயலுக்குள் போகும். டிசம்பரில் பிசானப் பருவத்து நெல் பச்சையாக நிற்கும், பின்னால் முழு மலையும் தெரியும். போட்டோ எடுக்க இதைவிட நல்ல இடம் மலைக்குள்ளேகூட இல்லை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்கு முன் திருநெல்வேலி.

டிசம்பர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்துவிட்டது என்று நினைத்து வராதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி நகரத்துக்குள்ளேயே வந்தது. மழை எச்சரிக்கை இருந்தால் அருவியையும் காரையாற்றுப் பாதையையும் மூடிவிடுவார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் வனத்துறை அறிவிப்பைப் பாருங்கள். மூடியிருந்தால் சாவடியில் நின்று கெஞ்ச வேண்டாம், காவலர்கள் உங்கள் நல்லதுக்குத்தான் தடுக்கிறார்கள். அந்த நாளைப் பாபநாசம் கோயிலுக்கும், சேரன்மகாதேவி, முறப்பநாடு மாதிரி மற்ற நவகைலாயக் கோயில்களுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

மாஞ்சோலைக்குத் தனியாக இன்னொரு முறை வாருங்கள். அதற்கு வனத்துறையின் முன் அனுமதி வேண்டும், வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, மழைக்காலத்தில் அட்டை கடிக்கும் என்பதால் கையில் உப்பு வேண்டும். அதைவிட, அந்த இடத்தின் கதை தெரிந்து போக வேண்டும். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 8,374 ஏக்கரை பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று காட்டைத் திருத்தித் தோட்டம் எழும்பியது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள். 2024-ல் விருப்ப ஓய்வு என்று சொல்லி எஸ்டேட் வேலையை நிறுத்தினார்கள். அந்தக் குடும்பங்கள் பிறந்து வளர்ந்த லைன் வீடுகளைப் பனிமூட்டத்துக்குப் பின்னணியாக மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது என்பது என் எண்ணம். காக்காச்சிப் பக்கம் சிங்கவால் குரங்கைப் பார்க்கவும் பொறுமை வேண்டும். இவ்வளவையும் மாலை நாலு மணிக்குமேல், காரையாற்றிலிருந்து களைத்து இறங்கிய பெரியவர்களோடு செய்ய முடியாது.

வேன்காரரிடம் கிலோமீட்டர் கணக்கில் பேசாமல் நாள் வாடகைக்குப் பேசுங்கள். அப்போதுதான் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் அவர் ஹாரன் அடிக்க மாட்டார்.